என் அறை முகவரியில் பதினொரு பேர்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கமெல்லாம் புற்றுநோய் கம்மி என்று எங்கள் ஆபீசின் பெரிய டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். கல்வராயன் மலையில் சுத்தமாக இல்லவே இல்லை என்றும் சொன்னார். மலைக்காற்று, ஊற்றுத்தண்ணீர், சாமைச் சோறு என்று காரணங்களையும் அவரே அடுக்கினார். நீங்கள் கடைசியாகச் சாமைச் சோறு தின்றது எப்போது சார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். சுவரோரமாக நின்றிருந்த நானும் ஆட்டினேன். அவர்கள் விஷயம் தெரியாமல் ஆட்டினார்கள், நான் தெரிந்தே ஆட்டினேன். டாக்டர் கையில் இருந்த பட்டியலில் எங்கள் ஊருக்கு நேரே ஓர் இடம் காலியாக இருந்தது. அதைக் காலியாக்கியவனே நான்தான்.

அப்போது எனக்குப் பட்டணத்தில் வேலை. புள்ளியியல் படித்தவன் என்று ஊரில் பெருமையடித்துக்கொள்வேன். ஆபீசில் என்னை அட்டைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி வார்டு, சதையை வெட்டிப் பரிசோதிக்கும் லேப், சாவுப் பதிவு ஆபீஸ் என்று வாரம் முழுக்கச் சுற்றுவேன். புற்றுநோய் என்று எழுதியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதவேண்டும். பெயர், வயது, கட்டி எந்த இடத்தில், முகவரி, அந்த முகவரியில் எத்தனை வருஷமாக இருக்கிறார். வருஷக் கடைசியில் அட்டைகளைக் கூட்டி டெல்லிக்கு அனுப்புவோம். எங்களைப் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஊர்கள் அனுப்பியதைச் சேர்த்துத் தைத்து, வழவழப்பான அட்டை போட்டால் அதற்குப் பெயர் தேசிய அறிக்கை. மீதி தேசத்தில் யாருக்கு என்ன வந்தது என்பது அவரவர் பாடு.

இதில் ஒரு விதி உண்டு. ஒரு வருஷமாவது பட்டணத்தில் குடியிருந்தவருக்குத்தான் அறிக்கையில் இடம். அவருடைய அட்டை பச்சைப் பெட்டிக்குப் போகும். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் என்றால், ஜன்னலோரம் கிடந்த துருப்பிடித்த தகரப் பெட்டிக்குப் போகும். தகரப் பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள். ஆனால் சிகிச்சையில் இந்தப் பாகுபாடு கிடையாது. முகவரியைப் பார்த்து ஒரு நோயாளியையும் அந்த ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் ஜனங்கள் அப்படி நம்பவில்லை. ரேஷன் கடையில் அந்தந்தக் கடைக்கு அந்தந்தத் தெருக்காரன்தான், பக்கத்துத் தெருக்காரன் போனால் மண்ணெண்ணெய் கிடையாது. ஆஸ்பத்திரியும் கவர்மெண்டு, ரேஷன் கடையும் கவர்மெண்டு, அப்புறம் எப்படி வேறாக இருக்கும்? வெளியூர் என்று சொன்னால் "உங்க ஜில்லாவுக்குப் போ" என்று விரட்டிவிடுவார்கள், பட்டணத்து முகவரி சொன்னால்தான் கரண்ட் வைப்பார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கரண்ட் வைப்பது என்றால் எங்கள் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எவனோ ஒரு சர்வ ஞானி இதைக் கிளப்பிவிட்டிருக்கிறான். அவனை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவனும் நானும் கூட்டாளிகள் என்று கைகுலுக்கியிருக்கலாம்.

முதலில் வந்தவர் சங்கராபுரத்துக்காரர். தொண்டையில் கட்டி. மடியில் வேர்க்கடலைப் பையோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அங்க நம்மாளு நீ ஒருத்தன்தான் இருக்கன்னாங்க. உன் வூட்டு நம்பரக் குடுத்தின்னா உள்ள சேத்துக்குவாங்களாமே?"

அதெல்லாம் வேண்டாங்க, உங்கள் ஊர் பெயரையே சொல்லுங்கள், சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லியிருந்தால் அவருக்கு நான் எதற்கு? என்னிடம் அப்படி யாரும் வந்து நின்றதில்லை. வடக்கனந்தலில் என் அப்பாவுக்கு முக்கால் ஏக்கர், அதிலும் பாதி பாறை. காலேஜில் நான் கடைசி பெஞ்சு. இப்போது ஒரு பெரிய மனுஷன் கடலையோடு வந்து என் தயவைக் கேட்கிறார். நான் முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சரி, பாத்துக்கலாம்" என்றேன். அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டில் என் அறை முகவரியைச் சொல்லி எழுதவைத்தேன். அடுத்த வாரம் அதே சீட்டைப் பார்த்து என் கையாலேயே அட்டை எழுதினேன். எத்தனை வருஷமாக இருக்கிறார் என்ற இடத்தில் மூன்று என்று போட்டேன். ஒன்று என்று போட்டால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்று நினைத்தேன் போல.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் சீட்டு கொடுக்கும் இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள், எல்லோரும் என்னைக் கும்பிட்டார்கள். சேர்த்துக்கொண்டதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவன் சாமி தரிசனத்துக்குப் பெருமை கொண்டாடுவதுபோல நான் கொண்டாடினேன்.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கன்னத்தின் உள்பக்கம் புண், வெளிப்பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. புகையிலையை அடக்கி அடக்கி அந்த இடம். தேன் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, தன் ஊர் விவரம் முழுவதையும் வாய் திறக்கமுடியாமல் சொன்னார். நான் பெரிய அதிகாரி தோரணையில் கேட்டேன்.

"வூட்டு நம்பர் இன்னா?"

"நம்பரெல்லாம் இல்லீங்க. எங்க ஊருல யாரும் போடலீங்க."

"தபால் எப்படி வரும்?"

"தபாலும் வராதுங்க."

அப்படிப்பட்டவருக்கு முகவரி தானம் செய்வதில் எனக்கு ஏற்பட்ட புளகாங்கிதத்தைச் சொல்லி முடியாது. எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடினேன். யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், இந்த முகவரிதான் சொல்லவேண்டும். மாற்றிச் சொன்னால் நான் பொய் எழுதியது வெளியே வந்துவிடும், என் வேலை போய்விடும். அவர்களும் சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பதினொன்றாவதாக வந்தவள் என் அக்கா.

அக்காவை நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்குக் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் கரும்பு. கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு மகள். அக்காவுக்கு ரத்தம் போக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருக்கிறது, யாரிடமும் மூச்சுவிடவில்லை. புடவையில் பட்டு மாமா பார்த்த பிறகுதான் கூட்டிக்கொண்டு வந்தார். கர்ப்பப்பையின் வாயில் கட்டி. ஆறு வாரம் கரண்ட் வைக்கவேண்டும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் என் அறையில்தான் இருந்தாள். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் ஸ்டவ்வில் எனக்குக் குழம்பு. வேண்டாம், படு என்றால் கேட்கமாட்டாள்.

அவளுடைய சீட்டிலும் என் முகவரியே. அவளிடமும் மாமாவிடமும் அதே பாட்டைப் பாடியிருந்தேன். அவளாவது நிஜமாகவே அங்கே ஆறு வாரம் இருந்தாள். அவள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"டேய், இந்த ஒரு ரூம்ல நாங்க பதினோரு பேரு குடியிருக்கோமாமே. வூட்டுக்காரருக்குத் தெரியுமா? வாடகைய ஜாஸ்தி பண்ணிடப் போறாரு."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுக்கு நிஜமாகவே வலித்தது, கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

சிகிச்சை முடிந்தது. மாதாமாதம் வந்து காட்டவேண்டும், நடுவில் ரத்தம் போனால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம், அங்கிருந்து பட்டணம், ஒரு பகல் முழுக்க பஸ். கீழே துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். இறங்கும்போது உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பாள்.

இந்தச் சமயத்தில் என் அட்டைகள் வேலை காட்ட ஆரம்பித்தன. ஆபீசில் புதிதாக ஒரு தெருவாரி வரைபடம் போட்டார்கள். பட்டணத்து மேப்பில் ஓர் அட்டைக்கு ஒரு குண்டூசி. என் தெருவில் மட்டும் குண்டூசி குத்த இடமில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரே தெரு, ஒரே கதவு எண், தொண்டை, கன்னம், மார்பு, கர்ப்பப்பை என்று எல்லாம் கலந்து. உலகத்திலேயே இப்படி ஒரு வீடு இருக்காது என்றார். அது மட்டும் உண்மை.

பெயர்களைப் படித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரே கதவு எண்ணில் பதினொரு பேர், பதினொரு குடும்பம். அங்கே குடியிருக்கும் ஒருவன் இதே ஆபீசில் சம்பளம் வாங்குகிறான் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க எழுந்து போய் அலமாரியைத் திறக்கவேண்டும். அவர்கள் தண்ணீரைச் சோதிக்க ஆள் அனுப்பினார்கள்.

வந்தவரோடு என்னையே துணைக்கு அனுப்பினார்கள். கழுத்தில் டையும் கையில் நாலு பாட்டிலுமாக அவர் என் வீட்டுக்காரரின் அடிபம்பை அடித்துத் தண்ணீர் பிடித்தார். பக்கத்தில் ஏதாவது ஃபேக்டரி உண்டா என்று கேட்டார். மாவு மில் ஒன்று இருக்கிறது என்றேன். பயபக்தியோடு எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் வெலவெலத்துப் போய், "தண்ணியில இன்னாங்க?" என்று அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று கையை விரித்தேன். அந்த வருஷ அறிக்கையில் எங்கள் தெரு ஒரு வரியாக வந்தது. மேலும் ஆராயப்பட வேண்டும் என்று முடியும் வரி. அறிக்கைகளில் அந்த மாதிரி வரிகளுக்குப் பஞ்சமே இல்லை.

தெருவைப் பற்றி வந்தது வேடிக்கை. பட்டியல் பற்றி வந்தது வேடிக்கை இல்லை.

டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளியூர் நோயாளிகள் எந்தத் தாலுக்காவிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதி அனுப்பவேண்டும். எங்கிருந்து அதிகம் பேர் வருகிறார்களோ, அந்த ஊரில் மாதம் ஒரு முறை டாக்டர் வந்து பார்க்கும் கிளினிக் ஒன்று திறப்பார்கள், கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் அங்கேயே காட்டிக்கொள்ளலாம், அவசரம் என்றால் ரத்தத்தை நிறுத்த மருந்தும் ஆளும் இருக்கும். துருப்பிடித்த தகரப் பெட்டிக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது. பட்டியலை எழுதும் வேலை அட்டைக்காரனுக்கே வந்தது.

அந்த மாதம் காட்ட வந்த அக்காவிடம் வாய் சும்மா இல்லாமல் கிளினிக் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நெசமாவா? கள்ளக்குறிச்சிக்கே வந்துடுமா?"

"வரும்க்கா."

"வந்துட்டா நல்லா இருக்கும்டா. இந்த பஸ்ஸுல உக்காந்துக்கினு வர்றதுதான் என்னால முடியல. கரண்ட்டைக் கூடத் தாங்கிக்கினேன்."

அடுத்த நாள் தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலம், ஆற்காடு, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் கட்டுக்கட்டாக இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பாவம், அங்கே அவர்களுக்கு என்னைப் போல ஒரு பெரிய மனுஷன் இல்லை, அதனால் சொந்த முகவரியையே சொல்லியிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு, சங்கராபுரத்துக்கு, மலைக்கு ஓர் அட்டை கூட இல்லை. எல்லாம் பச்சைப் பெட்டியில், என் அறையில் சௌக்கியமாகக் குடியிருந்தன.

பதினொரு அட்டையையும் எடுத்துத் திருத்தி இந்தப் பக்கம் போட்டால் போதும். பேனா கையில்தான் இருந்தது. திருத்தினால் யார் எழுதியது, ஏன் எழுதியது என்று கேள்வி வரும், வேலை போகும், வடக்கனந்தலுக்குத் திரும்பிப் பாறையில் உட்காரவேண்டும் என்று பயந்தேன். எங்கள் ஊருக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டுப் பட்டியலை டைப் செய்துகொடுத்தேன். அதை வைத்துக்கொண்டுதான் டாக்டர் மலைக்காற்று, சாமைச் சோறு என்று பேசினார். கிளினிக் வேறு ஊருக்குப் போனது. அக்காவுக்கு எழுதினேன், இந்தத் தடவை இல்லை, அடுத்த தடவை வரும் என்று.

எங்கள் ஜில்லாவில் அப்போது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. மாமாவும் அதில் இருந்தார். எங்களை எண்ணு, எண்ணி எங்கள் பங்கைக் கொடு என்பதுதான் அவர்கள் கேட்டது. சர்க்கார் புத்தகத்தில் தங்கள் தலைகள் ஒழுங்காக விழவேண்டும் என்று வெயிலில் நின்றார்கள், அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். நான் பட்டணத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அதே ஜனங்களைச் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் பேப்பரைப் படித்துவிட்டு, "உங்க ஊர் ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்று கேட்பார்கள். நான் அசட்டுச் சிரிப்பு சிரிப்பேன்.

பிறகு அந்த ஒரு வாரம் வந்தது. போராட்டக்காரர்கள் ரோடு முழுக்க மரத்தை வெட்டிப் போட்டார்கள், பஸ் நின்றது, தபால் நின்றது. அக்காவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது அந்த வாரத்தின் இரண்டாவது நாள்.

மரம் வெட்டிப் போட்டவர்களால்தான் அக்கா செத்தாள் என்று எங்கள் உறவில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். எதுவும் தெரியாதவர்களின் பேச்சு. நடந்தது என்ன என்று மாமா சொன்னார். கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து மாட்டுவண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் வண்டி நின்றிருக்கிறது. மறியலில் இருந்த ஆட்களே ஓடிவந்து கட்டிலைத் தோளில் தூக்கி, மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். கிளையில் புடவை மாட்டிவிடக் கூடாது என்று ஒருத்தர் தன் துண்டை எடுத்துப் போர்த்தியிருக்கிறார். துளியும் அலுங்காமல் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊர்ப் பெயர் போதும், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. டூட்டி டாக்டர் ஃபைலைக் கேட்டார். பட்டணத்துச் சீட்டைப் பார்த்தார்.

"பட்டணத்துலதானே குடியிருக்காங்க? இங்க எதுக்கு வந்தாங்க?"

மாமா வாயைத் திறந்திருக்கிறார். கட்டிலில் கிடந்த அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "தம்பி வூட்டுலதாங்க இருக்கன். பொண்ணப் பாக்க வந்தன்" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பட்டணத்து கேஸ், பட்டணத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். ஓர் ஊசி, கொஞ்சம் பஞ்சு. பழைய ஆஸ்பத்திரிக்கே அனுப்பப்படுகிறார் என்று அழகான கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. எப்படிப் போவது என்று மாமா கேட்டதற்கு, "ரோட்ட மறிச்சவங்களப் போய்க் கேளுங்க" என்றாராம். அவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது. உள்ளூர் நோயாளி என்றால் வார்டில் சேர்த்து ரத்தம் ஏற்றியிருப்பார்கள். அதே வாரத்தில் வடக்கனந்தல் பெண் ஒருத்தியைச் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த குடும்பம்தான். முகவரி பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று எங்கள் ஊர் பயந்தது கடைசியில் எங்கள் ஊரிலேயே நடந்தது. அதற்கான முகவரியை நான் எழுதிக்கொடுத்திருந்தேன்.

வராந்தாவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரோடு திறந்து முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால் அக்கா போய்விட்டாள்.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

"நைனார்பாளையத்துக்காரின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா? அந்த அட்ரஸு சும்மா எழுதினதுன்னு சொல்லியிருக்கலாமே?"

மாமா என்னை ஏறெடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீதானே சொல்லக்கூடாதுன்ன. சொன்னா உன் வேலை போயிடும்னு சொன்ன. உங்கக்கா கடைசி வரைக்கும் என் வாயத் தொறக்க வுடலடா."

சாவைப் பதிவு செய்யப் போன இடத்தில், என்ன நோவு என்று கேட்டார்கள். மகளின் கல்யாணம் பேச்சில் இருந்தது. அம்மாவுக்குப் புற்று என்றால் பெண் எடுக்க யோசிப்பார்கள். மாமா வயிற்று வலி என்று எழுதச் சொன்னார். பக்கத்தில் நின்றுகொண்டு நானும் சும்மா இருந்தேன். அந்த நோட்டில் அதற்கு மேலே பக்கம் முழுக்க வயிற்று வலியும் காய்ச்சலும் முதுமையும்தான். எங்கள் பக்கம் வேறு எதனாலும் யாரும் சாவதில்லை. இந்த நோட்டையும் ஒரு நாள் யாராவது கூட்டி, இன்னொரு அறிக்கை எழுதுவார்கள்.

பட்டணத்துக்குத் திரும்பினேன். வருஷத்துக்கு ஒரு முறை, அட்டையில் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு அவருடைய முகவரிக்குப் பதில் தபால் அட்டை போடுவது வழக்கம். அதை எழுதுகிறவனும் நான்தான். அந்த வருஷமும் உட்கார்ந்து என் அறைக்குப் பதினொரு கார்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்து தபால்காரர் பதினொன்றையும் கட்டாகக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். ஒன்றில் அக்கா பெயர் இருந்தது. நோயாளி உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார், முகவரி மாறிவிட்டார் என்று மூன்று கட்டம். மற்ற பத்துப் பேருக்கு அதுவரை நான் உயிருடன் இருக்கிறார் என்றே போட்டு வந்திருக்கிறேன். யார் இருக்கிறார், யார் இல்லை என்று எனக்கு எங்கே தெரியும்? மலைக்காரப் பெரியவரைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. அறிக்கையின்படி எல்லோரும் திடகாத்திரமாக இருந்தார்கள்.

அக்காவின் கார்டில் இறந்துவிட்டார் என்று போட்டேன். முகவரியை அடித்துவிட்டு நைனார்பாளையம் என்று எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கார்டையும் பச்சைப் பெட்டியிலிருந்து அவளுடைய அட்டையையும் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். சொல்லவேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"சார், இந்த அட்டையில முகவரி தப்பு. இவங்க வெளியூர்."

அவர் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கையை நீட்டி வாங்கினார்.

"வெளியூரா? அப்ப நம்ம கணக்குல வராதே. எடுத்துடுங்க."

சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"எந்தக் கணக்குல சார் வருவாங்க?"

"அவங்க ஊர்க் கணக்குல."

"அவங்க ஊர்ல கணக்கே இல்ல சார்."

"அதுக்கு நாம என்ன பண்ணமுடியும்?"

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. எப்படித் தவறாயிற்று என்று கேட்கவில்லை. நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன், கேட்பார் என்று. பிறகு என் இடத்துக்குப் போய் மீதி பத்து அட்டையையும் எடுத்து, தெரிந்தவரைக்கும் சொந்த ஊர் பெயரை எழுதி, மறுபடி போய் நீட்டினேன். பத்துக்கும் பத்துக் கோடு. கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, "பாத்து எழுதக்கூடாதாப்பா?" என்றார். அவ்வளவுதான் தண்டனை. தாலுக்கா பட்டியலைத் திருத்தி அனுப்பலாமா சார் என்று கேட்டேன். போனது போனதுதான், அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றார். மேப்பில் என் தெருவிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கினார்கள். அடுத்த அறிக்கையில் அந்தத் தெரு பற்றிய வரி இல்லை, ஏன் இல்லை என்றும் ஒரு வரி இல்லை.

அக்காவின் பெயர் இப்போது பட்டணத்துக் கணக்கில் இல்லை. கள்ளக்குறிச்சிக்குக் கணக்கே இல்லை. ஊர் நோட்டில் அவள் வயிற்று வலியில் செத்தவள். ஆஸ்பத்திரி ஃபைலை விட்டால், எனக்குத் தெரிந்து இந்த தேசத்தில் அவளுக்குப் புற்றுநோய் வந்தது என்று எழுதியிருக்கும் காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. குறுக்கே சிவப்புக் கோடு போட்ட அந்த அட்டை. அதை நான் ஆபீசிலிருந்து எடுத்து வந்துவிட்டேன்.

அக்கா காப்பாற்றிக் கொடுத்த அந்த வேலையில் நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் இருந்தேன்.